ஐந்தே முக்கால் அடி அண்ணனும் 44 சென்டிமீட்டர் எலும்பும்

"எங்க அண்ணன் ஐந்தே முக்கால் அடி சார். இது அவர் இல்லை."

மார்ச்சுவரி வாசலில் நின்று அந்தத் தம்பி உறுதியாகச் சொன்னார். உள்ளே மேசையில் இருந்தவை வற்றிய கண்மாயில் கிடைத்த எலும்புகள். தொடை எலும்பின் நீளம் 44 செ.மீ. அதை வைத்து நாங்கள் கணக்கிட்ட உயரம் சுமார் 166 செ.மீ., அதாவது ஐந்தடி ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல். அவர் சொன்னதற்கும் இதற்கும் மூன்றரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம்.

சட்ட மருத்துவத்தில் இத்தனை வருடங்களில் நான் அதிகம் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். உயரம் பொருந்தவில்லை என்று குடும்பம் திரும்பிப் போய்விட்டால், அந்த எலும்புகள் 'அடையாளம் தெரியாத ஆண்' என்றே அடக்கமாகிவிடும். வீட்டிலோ, ஒவ்வொரு முறை கதவு தட்டப்படும்போதும் யாரோ எழுந்து ஓடுவார்கள்.

சரி, அந்த 166 எங்கிருந்து வந்தது? எலும்பின் நீளத்தை வைத்து உயரம் கணிக்கும் சூத்திரங்களை 1899-இல் கார்ல் பியர்சன் வெளியிட்டார். பிரான்சின் லியோன் நகரில் அளக்கப்பட்ட 100 உடல்களின் கணக்கு அது. இன்றும் பலர் எடுப்பது 1952-இல் மில்ட்ரெட் ட்ராட்டரும் கோல்டின் கிளெசரும் தந்த சூத்திரம். இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எலும்புகள் அவர்களுக்குக் கிடைத்தன. அந்த வீரர்கள் ராணுவத்தில் சேர்ந்தபோதே உயரம் அளந்து எழுதப்பட்டிருந்தது. உயிரோடு இருந்தபோது எடுத்த அளவும் எலும்பும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம்.

வெள்ளை இன ஆணுக்கு, தொடை எலும்பின் நீளத்தை 2.38-ஆல் பெருக்கி 61.41-ஐக் கூட்ட வேண்டும். 44-க்கு 166.1 வரும். பிழை 3.27 செ.மீ. கூடவோ குறையவோ. ஆனால் பத்தில் மூன்று பேர் அந்த எல்லைக்கும் வெளியே இருப்பார்கள் என்பதால், நான் இரு மடங்கு எடுத்து 160 முதல் 173 வரை என்றுதான் எழுதுவேன். அதே எலும்பு ஒரு பெண்ணுடையது என்றால் அந்தச் சூத்திரம் தருவது 162.8. அதனால் முதலில் இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்தாக வேண்டும். அமெரிக்கச் சூத்திரம் நம் ஊர்க்காரருக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. கல்கத்தாவில் பான் என்பவர் 1924-இலேயே இந்தியர்களின் அளவுகளை வெளியிட்டிருக்கிறார். அந்தந்த வட்டாரத்துக்கு அளந்த கணக்கு இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். பழைய முறிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முறிந்து கூடிய எலும்பு குட்டையாக இருக்கலாம்.

முழு உடலாகக் கிடைத்தாலும் சிக்கல் உண்டு. படுக்க வைத்து அளக்கும்போது, நின்ற உயரத்தைவிட இரண்டு செ.மீ. வரை கூடுதலாக வரும். உயிரோடு இருப்பவரே காலையைவிட மாலையில் ஒரு செ.மீ. குறைவாக இருப்பார். வயதானால் இன்னும் குறையும்.

அப்புறம் வீட்டார் சொல்லும் உயரம். ஆதாரில் உயரம் கிடையாது. பாசத்தோடு நினைவில் வைத்திருக்கும் அளவு அது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தம்பியிடம் அண்ணனை யாராவது, எங்காவது அளந்திருக்கிறார்களா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "போலீஸ் செலக்‌ஷனுக்குப் போய் உயரம் பத்தாம திரும்பி வந்தார் சார்" என்றார். அங்கே அவரிடம் கேட்ட உயரம் 170 செ.மீ. அதற்குக் கீழே என்றால் எங்கள் எல்லைக்குள் வந்துவிடுகிறார். தாயின் ரத்த மாதிரி எடுத்து டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினோம். அது அவருடைய அண்ணன்தான்.

ஒருவரைக் காணவில்லை என்று புகார் கொடுக்கப் போகும்போது உயரத்தைக் குத்துமதிப்பாகச் சொன்னால், குத்துமதிப்பு என்றே எழுதச் சொல்லுங்கள். பல் தெரியச் சிரிக்கும் போட்டோ, பழைய எக்ஸ்ரே, பல் மருத்துவரின் சீட்டு, எலும்பில் பிளேட் வைத்த ஆபரேஷன் விவரம் ஆகியவை உயரத்தைவிடப் பெரிய உதவி. அவர் தேய்த்துப் போட்ட பழைய செருப்பையும் கழுவாமல் எடுத்து வையுங்கள். பாதத்தின் நீளம் உயரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். ரயில் பாதையில் ஒரு பாதம் மட்டும் கிடைக்கும் நாளில், அந்தச் செருப்பில் பதிந்திருக்கும் விரல் தடத்தையும் குதிகால் தடத்தையும்தான் நாங்கள் தேடுவோம்.