அறுபது தாண்டியவர்களுக்கும் இலவச புற்றுநோய்ப் பரிசோதனை: கொழும்பில் எங்கே போவது?

"இந்த வயசில இனி என்ன செக்கப்?" என்று பெரியவர்கள் தட்டிக்கழிப்பதை அப்படியே விட்டுவிடாதீர்கள். வயது கூடக் கூடத்தான் புற்றுநோய்க்கான ஆபத்தும் கூடுகிறது. கலங்கள் பிரியும்போது மரபணுவில் விழும் சிறு பிழைகள் பல வருடங்களாகச் சேர்கின்றன. அவற்றைத் திருத்தும் திறனும் நோயெதிர்ப்புச் சக்தியும் முதுமையில் தளர்ந்துவிடுகின்றன.

அரச ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். நாரஹேன்பிட்டவில், எல்விட்டிகல மாவத்தையில், புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் அரச நிலையம் இருக்கிறது. மார்பகம், வாய், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே பார்ப்பார்கள். நோய் அறிகுறி இல்லாதவர்களும் போகலாம்.

பெண்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகங்கள் நடத்தும் சுவநாரி என்ற பெண்கள் நல கிளினிக்குகள் 1996 முதல் இயங்குகின்றன. கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைக்கிறார்கள். அதனால் மற்ற வயதினர் போகக்கூடாது என்று அர்த்தமில்லை. மாதவிடாய் நின்று வருடக்கணக்கான பிறகு இரத்தம் பட்டால், அது சில துளிதான் என்றாலும், உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும். வெட்கத்தில் பிள்ளைகளிடம்கூட சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அதனால் மகள்மாரும் மருமகள்மாரும் தாங்களாகவே கேட்பது நல்லது.

இலங்கை ஆண்களை அதிகம் தாக்குவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் சேரும் பழக்கம் இதற்குப் பெரிய காரணம். புகையிலையை விட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாயைத் திறக்கக் கஷ்டம் என்று எது இருந்தாலும் அரச பல் கிளினிக்கில் காட்டுங்கள்.

சரி, நோய் உறுதியானால்? மஹரகமவிலுள்ள அரச புற்றுநோய் ஆஸ்பத்திரியான அபேக்ஷாவுக்கு அனுப்புவார்கள். புறக்கோட்டையிலிருந்து 138 பஸ்ஸில் போகலாம். சிகிச்சையை வயதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. எண்பதிலும் நன்றாக நடமாடுபவர் தாங்கும் மருந்தை அறுபத்தைந்திலேயே தளர்ந்தவர் தாங்காமல் போகலாம். அதனால் நடை, ஞாபகம், சாப்பாடு, சிறுநீரகம், ஏற்கெனவே குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியோடு வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

அப்புறம், செலவு கைமீறினால் ஜனாதிபதி நிதியத்திடம் மருத்துவ உதவி கேட்கலாம். 2025 முதல் அந்த விண்ணப்பத்தை உங்கள் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.