உற்பத்தித் தடையா, உச்சவரம்பா?

நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயலைப் பற்றி எழுதுகிறவர்கள் "2014-இல் அரசு உற்பத்தித் தடை விதித்தது" என்று எழுதும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. அன்று விதித்தது தடை இல்லை, உச்சவரம்பு. ஆண்டுக்கு இவ்வளவு எடுக்கலாம், அதற்கு மேல் கூடாது, அவ்வளவுதான்.

சொல் பிறந்த கதை சின்னது. இத்தகைய வரம்புக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'கேப்' லத்தீன் வழி வந்த தலைமூடி. அதற்கே டச்சுக்காரர்கள் பிரெஞ்சிலிருந்து வாங்கிய 'பிளாஃபோன்' அறையின் உட்கூரை. நம் வரம்பு வயல் வரப்பு; ஈழத்தில் இன்றைக்கும் வரப்பை வரம்பு என்றே சொல்கிறார்கள். நில உச்சவரம்புச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டதால் புதிதாக எதையும் ஆக்கவும் வேண்டாம்.

தடை என்றால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 2012 ஆகஸ்டில் ஹவுசிங்க என்ற ஊரில் 3.6 அளவு நிலநடுக்கம். வாயுவை எடுக்க எடுக்கப் பாறையில் அழுத்தம் குறைந்து நிலம் அமுங்கியதுதான் காரணம். அப்படியும் 2013-இல் ஏறத்தாழ 5,400 கோடி கனமீட்டர் எடுத்தார்கள். 2014-க்கு வரம்பு 4,250 கோடி, 2016-இல் 2,400 கோடி, அதுவும் குளிர் கடுமையானால் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகையோடு. குளிரடித்தால் தளர்கிற தடையை எங்காவது கண்டதுண்டா? வரப்பை உயர்த்தலாம், தாழ்த்தலாம். சரி, இதையெல்லாம் தடை என்றே வைத்துக்கொண்டால், 2023 அக்டோபர் 1-இல் உற்பத்தியையே நிறுத்தினார்களே, 2024 ஏப்ரலில் சட்டம் போட்டு நிரந்தரமாக மூடினார்களே, அதற்கு என்ன சொல் மிச்சம் இருக்கிறது? இந்த வாயுவில் நைட்ரஜன் அதிகம், வெப்பத்திறன் குறைவு. அதற்கென்றே செய்த அடுப்புகளும் கொதிகலன்களும் ஜெர்மனி, பெல்ஜியம், வட பிரான்ஸ் வரை இருந்ததால் உடனே தடை போட முடியாமல்தான் படிப்படியாக வரம்பைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். தடை என்று எழுதினால் அந்த இழுபறி முழுக்க வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

'ஒதுக்கீடு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கின் உறுப்பு நாடுகள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வது ஒதுக்கீடு. இங்கே ஒரே வயல், யாருக்கு ஒதுக்க?

'உச்சம்' வடசொல் என்று முகம் சுளிக்கும் தனித்தமிழ் அன்பர்கள் 'மேல்வரம்பு' என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை, பொருள் சரியாகவே இருக்கிறது. ஆனால் அவர்களே பக்கத்தில் 'உற்பத்தி' என்று எழுதுவதைத்தான் தாங்க முடியவில்லை. அதுவும் வடசொல்தான், போதாக்குறைக்குப் பொருளும் பிசகு. நிலத்தடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்த வாயுவை யாரும் உண்டாக்கவில்லை, எடுக்கிறார்கள். டச்சு மொழியில் 'காஸ்வின்னிங்', அதாவது வாயு எடுத்தல், என்ற சொல் இருக்கிறது. நாமும் 'எடுப்பு வரம்பு' என்று எழுதலாம்.