அட்டையில் சந்தனம், சுவரில் மஞ்சள்

கோலாலம்பூரின் செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கும் என் தங்கை, தீபாவளிக்கு முன்பாகக் குளியலறைக்குச் சாயம் பூசத் தீர்மானித்து, கடையில் கொடுத்த வண்ண அட்டையிலிருந்து இளஞ்சந்தன நிறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு பூச்சும் காய்ந்தபின் பார்த்தால், அரைத்த மஞ்சளை அள்ளிப் பூசியதுபோல் இருந்தன சுவர்கள். கடையில் கலவை தவறிவிட்டது என்றே அவள் நினைத்தாள். மீந்திருந்த சாயத்தை ஒரு பலகையில் தடவி, வாசலில் வெயில் வெளிச்சத்தில் அந்த அட்டையோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம். இரண்டுக்கும் இம்மியும் வேறுபாடு இல்லை. அப்படியானால் நிறத்தை மாற்றியது அந்த அறைதான்.

வண்ண அட்டையைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது, விளக்கொளி அதன்மீது ஒருமுறை பட்டு நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. குளியலறையில் அப்படியல்ல. ஐந்தடிக்கு ஏழடி அறையில் ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவருக்குப் போய், அங்கிருந்து கூரைக்கும் மீண்டும் முதற்சுவருக்குமாகப் பலமுறை அலைந்த பின்னரே கண்ணை அடைகிறது. ஒவ்வொரு முறை படும்போதும் சாயம் சில நிறங்களில் அதிகமாகவும் சிலவற்றில் குறைவாகவும் ஒரு பங்கை விழுங்கிக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தனநிறச் சாயம் ஒன்று, தன்மேல் படும் மஞ்சள் ஒளியில் நூற்றுக்கு 80 பங்கையும் நீல ஒளியில் 60 பங்கையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அட்டையில் மஞ்சள் நான்கு பங்கென்றால் நீலம் மூன்று பங்கு. ஆகவே அது இளநிறம். இரண்டாவது முறை பட்டால் 64க்கு 36, மூன்றாவது முறை 51க்கு 22. இந்த எல்லாச் சுற்றுகளையும் கூட்டினால், அறையின் ஒவ்வொரு பரப்பும் அதே சாயமாக இருக்கும் நிலையில், நாம் காணும் மஞ்சள் 4 என்றால் நீலம் ஒன்றரைதான். அட்டையில் நான்கில் மூன்றாக இருந்த நீலம், அறையில் அதற்குப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. உண்மையான குளியலறையில் டைல்ஸ், கதவு, தரை, நம் உடல் ஆகியவை இடையில் புகுந்து இந்தப் பெருக்கத்தைத் தணிக்கின்றன என்றாலும், போகும் திசை இதுதான்.

இதில் எதிர்பாராத ஒன்று உண்டு. வெளிர்நிறங்களே மிகுதியாக மாறுகின்றன. கரும்நிறங்கள் ஏறக்குறைய அட்டையில் உள்ளபடியே நிற்கின்றன. ஒளியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் திருப்பும் கருநீலச் சுவரில் இரண்டாம் சுற்றுக்கு ஒளியே மிஞ்சுவதில்லை, பெருகுவதற்கு அங்கே எதுவும் இல்லை. வெள்ளையை ஒட்டிய நிறம்தான் ஆபத்தில்லாதது என்று நினைத்து எடுப்பவர்கள் ஏமாறுவது இதனாலேயே. நம் முன்னோர் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு வாளியில் துளி நீலம் கலந்தார்கள். பழுப்பேறிய வெண்மையை அது ஈடுகட்டியது. அதிகம் கலந்தால் வீடே நீலம் பாரித்துவிடும் என்று எச்சரிக்கவும் தெரிந்திருந்தார்கள்.

ஆகவே குளியலறைச் சுவரை நான் இரண்டாவது விளக்காகவே கருதுகிறேன். கண்ணாடியின் முன் நிற்பவரின் முகத்தில் விழும் ஒளியில் கணிசமான பங்கு பக்கச் சுவர்களிலிருந்தும் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரிலிருந்தும் வருகிறது. சுவர் இளம்பச்சை என்றால் முகத்திலும் பச்சை ஏறும். நம்முடைய மாநிற, கறுப்புத் தோல் செவ்வொளியைத்தான் மிகுதியாகத் திருப்புகிறது என்பதால், செம்மை குறைந்த அந்த வெளிச்சத்தில் முகம் நோயுற்றதுபோல் வாடித் தெரியும். வாஷ்பேசின் அடியிலிருக்கும் அலமாரியின் நிலை வேறு. அதன் கதவுகள் இடுப்புக்குக் கீழே இருப்பதால் முகத்துக்கு அவை ஒளி தருவது மிகக் குறைவு; கரும்பச்சையோ கத்தரிப்பூ நிறமோ, ஆசைப்பட்ட எதையும் அங்கே துணிந்து பூசலாம். ஆனால் அலமாரியின் மேற்பலகை வெளிறியதாக இருக்கட்டும். கூரை விளக்கு கண்ணுக்கும் மோவாய்க்கும் கீழே நிழல் வீழ்த்துகிறது. புகைப்படக்காரர் மணப்பெண்ணின் மடியருகே வெள்ளை அட்டை பிடிப்பதுபோல, வெண்ணிறப் பலகை கீழிருந்து ஒளியைத் தூக்கி அந்த நிழலைக் கலைக்கிறது.

முதல் விளக்கையும் கவனிக்க வேண்டும். வழக்கமான வெள்ளை எல்இடி விளக்கில் உண்மையில் எரிவது ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி. அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் அதில் ஒரு பகுதியை வாங்கி, பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக மாற்றித் தருகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒளி குறைந்த ஒரு பள்ளமும், மலிவான விளக்குகளில் அடர்சிவப்பில் பெருங்குறையும் இருக்கும். கடையின் விளக்கில் ஒன்றுபோல் தெரிந்த டைல்ஸும் சாயமும் வீட்டில் பொருந்தாமற் போவதற்கு இந்தப் பள்ளங்களே காரணம். இரண்டும் வெவ்வேறு நிறமிகளால் ஆனவை, ஆகவே ஒளியில் உள்ள குறையை வெவ்வேறு விதமாக வெளிக்காட்டுகின்றன. விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சிஆர்ஐ எண், 8 மெல்லிய நிறங்களின் சராசரியை மட்டுமே சொல்கிறது. அழுத்தமான சிவப்பை அளக்கும் ஆர்9 என்ற எண் அந்தச் சராசரியில் சேர்வதில்லை. அது குறைந்த விளக்கின் கீழ் குங்குமம் செங்கல் பொடிபோல் மங்கும். நெற்றிக்கு இட்டுக்கொள்ளும் கண்ணாடிக்கு மேலே அத்தகைய விளக்கைப் பொருத்துவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

முகத்துக்குப் பின்னே தெரியும் சுவரின் வெளிச்சமும் முகத்தை மாற்றிக் காட்டும். அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன என்பதைப் பாரிசின் கோபலன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராயிருந்த வேதியியலாளர் செவ்ரல் ஆராய்ந்து 1839இல் வெளியிட்டார். கண்ணைப் பறிக்கும் வெள்ளைச் சுவரின் முன் கறுத்த முகம் மேலும் கறுத்துத் தெரிவது அந்த விளைவுதான். சற்றே மங்கிய மணல்நிறமோ சாம்பல் கலந்த இளஞ்சிவப்போ பின்னணியாக இருந்தால், அதே முகத்தின் களை தெளிவாகத் தெரியும்.

சன்னல் உள்ள குளியலறைக்கு, வடக்குப் பார்த்த அறைக்கு இளஞ்சூடான நிறம் என்று வெளிநாட்டு இதழ்கள் தரும் அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. மார்ச்சு இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேயும், எஞ்சிய மாதங்களில் தெற்கேயும் நிற்கிறது. ஆகவே இங்கே பார்க்க வேண்டியது திசையை அல்ல; எதிர்வீட்டுச் சுவரின் நிறம்தான் நம் சன்னல் வழியாக உள்ளே வருகிறது.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பினாங்கு லீத் தெருவிலுள்ள சியோங் ஃபாட் ட்சே மாளிகையின் நீலச் சுவர்கள், அவுரி நீலம் கலந்த சுண்ணாம்புப் பூச்சால் ஆனவை. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுவிடும். சன்னலற்ற குளியலறையில் அதற்கு வழியில்லை என்பதால், கழுவித் துடைக்கக்கூடிய அரைப் பளபளப்புச் சாயமே ஏற்றது. பளபளப்பு நிறத்தையும் மாற்றும்: சாயத்தின் மேற்பரப்பு, படும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கை நிறமேற்றாமலே திருப்புகிறது; சொரசொரப்பான பரப்பு அதை எல்லாத் திசையிலும் சிதறவிட்டு நிறத்தை வெளுக்கச் செய்கிறது, வழுவழுப்பான பரப்பு ஒரே திசையில் அனுப்பிவிடுவதால் நிறம் ஆழ்ந்து தெரிகிறது. அலமாரிக்கு எண்ணெய் சார்ந்த வெள்ளைச் சாயம் வேண்டாம். வெளிச்சம் படாத இடத்தில் அது நாளடைவில் மஞ்சளாகும்.

என் தங்கை மறுபடியும் பூசியபோது, அட்டையை நம்பவில்லை. நான்கு நிறங்களை, நிறத்துக்கு இரண்டு பலகை வீதம், இரண்டு பூச்சு பூசிக் காயவிட்டாள். ஒரே நிறப் பலகைகள் இரண்டையும் விரித்த புத்தகம்போல் ஒன்றையொன்று பார்க்கக் குளியலறை விளக்கின் கீழ் நிறுத்தி, நடு மடிப்புக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒளி இரு பலகைக்கும் இடையே அலைவதால், அறை முழுவதும் பூசினால் நிறம் எந்தப் பக்கம் போகும் என்பது மடிப்பிலேயே தெரிந்துவிடும். அவள் முதலில் விரும்பிய சந்தனம், அட்டையில் ஏறத்தாழச் சாம்பலாகத் தோன்றிய நான்காவது நிறத்தின் மடிப்புக்குள் இருந்தது. அதைத்தான் பூசினாள்.