மூச்சை எண்ண ஓர் ஆள்: பப்புவா மலைக் கிராமத்துக் குழந்தைகளும் நிமோனியாவும்

பப்புவா நியூ கினியின் மலைநாட்டில், மாவட்ட மருத்துவமனை ஒன்றில் குழந்தை மருத்துவனாக மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கு என் கண்முன்னே உயிர்விட்ட குழந்தைகளில் மிகப் பலரைக் கொண்டுபோனது நிமோனியா. நோய் தொடங்கிய முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ அமாக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கிடைத்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள். ஐந்து நாளுக்கான அந்த மாத்திரை மிக மலிவானது, உலகெங்கும் கிடைப்பது. அது ஏன் அவர்களைச் சென்று சேரவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால், நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்களுடைய ஊரைப் பற்றிப் பேச வேண்டும்.

நான் அடிக்கடி சென்றுவந்த கிராமம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு மலைமுகட்டின் மேல் இருக்கிறது. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்குச் சாலையே கிடையாது. லே துறைமுகத்திலிருந்து கோரோகா வழியாக மவுண்ட் ஹேகனுக்கு ஏறும் நெடுஞ்சாலை ஒன்றுதான் அந்த மக்களுக்கு உயிர்நாடி. அந்தச் சாலையிலிருந்து இந்த ஊருக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும். ஊராரே புல் வெட்டிப் பேணிவரும் சரிவான ஓடுதளம் ஒன்று உண்டு. காலையில் மூட்டம் விலகியிருந்தால் சிறு விமானம் வந்து இறங்கும். உச்சிப்பொழுது தாண்டி மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்கு வானமும் அடைபட்டுவிடும்.

இத்தகைய ஊர்களை 'நாகரிகம் எட்டாத இடம்' என்று எழுதுவது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. அது உண்மையும் அல்ல, நியாயமும் அல்ல. மவுண்ட் ஹேகன் அருகேயுள்ள குக் சதுப்புநிலத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே மண்ணை மேடாக்கிப் பயிரிட்டிருக்கிறார்கள்; 2008இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. வெளியுலகத்தார்தான் இந்தப் பள்ளத்தாக்குகளில் பல லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்பதை 1930களில் தெரிந்துகொண்டார்கள். இன்றும் இவ்வூர்ப் பெண்கள் மலைச்சரிவில் 'காவ்காவ்' எனப்படும் சர்க்கரைவள்ளியை மேடு கட்டி நட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தோண்டி எடுத்துவருகிறார்கள். மிஞ்சியது பன்றிக்குப் போகிறது. 2015இல் நேர்ந்ததுபோல வறட்சியும் உறைபனியும் சேர்ந்து கொடியைக் கருக்கிவிட்டாலொழிய, இங்கே யாரும் வெறும் வயிற்றோடு படுப்பதில்லை. புரதம் குறைவு என்பது வேறு. அதன் விலையைக் குழந்தைகள்தாம் கொடுக்கிறார்கள்.

வீடு வட்டமானது, மேலே புற்கூரை, சுவர் பின்னிய தட்டை, நடுவில் அடுப்பு. புகைபோக்கி கிடையாது. இரவின் குளிரில் அந்த நெருப்பைச் சுற்றித்தான் குடும்பம் முழுவதும் உறங்குகிறது. புகை கூரையின் வழியே கசிந்து வெளியேறும்போது புல்லைப் பூச்சி அரிக்காமலும் காக்கிறது. முதல் வருகையில், வீட்டுக்குள் நெருப்பு மூட்ட வேண்டாம் என்று நான் அறிவுரை சொன்னேன். ஒரு மூதாட்டி என் கம்பளிச்சட்டையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் பேரனின் வெற்றுத்தோளைக் காட்டினார். அதற்குப் பிறகு அந்த அறிவுரையை நான் எந்த ஊரிலும் சொன்னதில்லை.

நிமோனியாவை உண்டாக்கும் நியுமோகாக்கஸ் கிருமி, இந்த மலைநாட்டில் பிறந்த சில வாரங்களுக்குள்ளாகவே பெரும்பாலான குழந்தைகளின் மூக்கில் குடியேறிவிடுகிறது. புகையும் நெருக்கமும் சத்துக்குறைவும் சேர்கையில் அது நுரையீரலுக்கு இறங்குகிறது. இதற்கான தடுப்பூசி 2014இலேயே நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் குளிர்ப்பெட்டியைத் தோளில் சுமந்து, பனிக்கட்டி உருகுவதற்குள் மலையேறி வர ஆள் வேண்டும். வந்தவர் அடுத்தடுத்த தவணைகளுக்கும் தவறாமல் வர வேண்டும். நாடு முழுவதையும் கணக்கிட்டாலே, அடிப்படைத் தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் பெற்ற குழந்தைகள் அண்மை ஆண்டுகளில் பாதிக்கும் குறைவு. மலையுச்சி ஊர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள், எட்டு மாதக் குழந்தையை 'பிலும்' பையில் கிடத்தி, பையின் வாரை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டபடி ஒரு தாய் எங்கள் மருத்துவமனைக்கு வந்தாள். 'குஸ்' என்றாள், இருமல் என்று பொருள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, 'சோட்வின்' என்றாள். மூச்சுத் திணறுகிறது என்பதற்கு, அந்நாட்டில் பரவலாகப் பேசப்படும் டோக் பிசின் மொழியில் அதுதான் சொல். குழந்தை உறங்கிக்கொண்டிருந்ததால் பையிலிருந்து எடுக்காமலே துணியை விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் வயிற்றின் ஏற்ற இறக்கத்தை எண்ணினேன். அறுபத்து நான்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தது. அவர்கள் ஊரில் ஒரு சிறு சுகாதார நிலையம் இருந்தது. 'எய்ட் போஸ்ட்' என்பார்கள். அதன் கதவு நான்கு மாதங்களாகப் பூட்டிக் கிடந்தது. ஆகவே தாய் முதலில் இரண்டு நாள் காத்திருந்தாள், பிறகு இரண்டு நாள் நடந்தாள். எங்களிடம் ஆக்ஸிஜன் இருந்தது, ஊசிமருந்து இருந்தது. குழந்தை அன்றிரவு இறந்தது.

அந்த எண்ணிக்கையைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. இருமலோடு வரும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணி, இரண்டு மாதத்துக்கு உட்பட்டதானால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 என்ற அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ ஆபத்து என்று கொள்ளும் முறையைத் தமிழ்நாட்டின் கிராம சுகாதார செவிலியரும் கற்றிருக்கிறார். எக்ஸ்ரேயும் ஸ்டெதஸ்கோப்பும் இல்லாமலே நிமோனியாவை அடையாளம் காண வழிசெய்த இந்த முறைக்கு முக்கியமான அடித்தளம், கோரோகாவில் பிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு. இந்த மலைகளின் குழந்தைகளிடமிருந்து கற்ற பாடம் உலகெங்கும் எண்ணற்ற குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதே மலைகளில், எண்ணுவதற்கு ஆளில்லாமல் குழந்தைகள் சாகிறார்கள். எனக்கு இது பொறுக்க முடியாத வேதனை.

மருத்துவமனையில் செய்ய வேண்டியது நமக்குத் தெரியாததல்ல. இந்நாட்டின் ஐந்து மருத்துவமனைகளில் ஆக்ஸிஜன் செறிவூட்டிகளையும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்களையும் வைத்தபோது நிமோனியாவால் குழந்தைகள் இறக்கும் அபாயம் 35 விழுக்காடு குறைந்ததாக 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. காற்றில் ஆக்ஸிஜன் குறைந்த உயரங்களில் இது பெரிய வரம். ஆனால் மருத்துவமனை வாசலுக்கு வந்துசேரும் குழந்தைக்கே அந்த வரம் கிடைக்கிறது.

சுகாதாரப் பணியாளர் ஏன் ஊரில் தங்குவதில்லை என்று கேட்டால், அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளத்தை எடுக்க நகரத்து வங்கிக்கு நடக்க வேண்டும். மருந்துப்பெட்டி வரும் என்று அங்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வழியில் இனக்குழுச் சண்டை மூண்டால் திரும்பவும் முடியாது. ஆசிரியரின் கதையும் இதுவே. அதனால் பள்ளி பல மாதம் மூடியிருக்கிறது. ஊரின் ஒரே பணப்பயிர் காபி. கையால் தோல் நீக்கிக் காயவைத்த கொட்டையை மூட்டை மூட்டையாக முதுகில் சுமந்து இறக்கினால், சாலையோர வியாபாரி சொன்னதுதான் விலை. விமானத்தில் ஏற்றினால் கூலியே விலையைத் தின்றுவிடுகிறது. இளைஞர்கள் நகரத்து உறவினரைத் தேடிப் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சாலை வந்தால் எல்லாம் மாறும் என்று ஊரார் நம்புகிறார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாலைக்காக இந்த ஆண்டு பிறக்கும் குழந்தை காத்திருக்க முடியாது.

எனவே நாங்கள் வெளியிலிருந்து ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு, ஊருக்குள்ளேயே தேடினோம். எட்டாம் வகுப்பு வரை படித்த, அங்கேயே மணமுடித்து, அங்கேயே தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண்ணை ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுத்தது. ஒரு நிமிடத்தில் ஒலி எழுப்பும் சிறு கடிகாரம், அமாக்ஸிசிலின் மாத்திரைகள், கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை அவரிடம் கொடுத்தோம். குழந்தை அமைதியாக இருக்கும்போது எண்ணுவது, சட்டையை விலக்கி விலாக்குழிவைப் பார்ப்பது, பால் குடிக்க மறுத்தாலோ அழைத்தும் விழிக்காவிட்டாலோ மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே தூக்கி அனுப்புவது ஆகியவற்றை மூன்று வாரம் பழக்கினோம். அவர் தயக்கமின்றிக் கற்றார். அவருக்குச் சம்பளம் என்று எந்தக் கணக்கிலும் இடமில்லாதிருந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இத்தகைய பெண்களுக்கு மாதச் சம்பளமும் தடைபடாத மாத்திரையும் உறுதியானால், ஊரின் நாளைய நிலையைப் பற்றி என்னால் நம்பிக்கையோடு பேச முடியும்.

கடைசியாக அங்கு சென்றபோது அவருடைய நோட்டைப் புரட்டினேன். பெயர், வயது, மூச்சின் எண்ணிக்கை, கொடுத்த மாத்திரை, குணமான நாள் என்று ஐந்து பத்திகள் சீராக நிரம்பியிருந்தன. கடைசி மூன்று வாரப் பக்கங்களில் மாத்திரைப் பத்தி காலியாக இருந்தது, கையிருப்பு தீர்ந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் எதிரே எண்ணிக்கையை எழுதியிருந்தார். 52. 58. 47. 61.