லிட்டருக்கு 2 ரூபாய்: தேய்வு வீத வரி என்றால் என்ன?

தமிழக எல்லையிலுள்ள புளியரையைக் கடந்து கேரளத்தின் ஆரியங்காவுப் பக்கம் பெட்ரோல் போடுகிறவர், லிட்டருக்கு 2 ரூபாயைக் கேரள அரசின் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸாக, அதாவது குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரியாக, செலுத்துகிறார். 2023 ஏப்ரல் 1 முதல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நடைமுறைக்கு வந்த இந்தத் தொகை, வாங்குகிறவரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. அனைவருக்கும் ஒரே தொகை என்பதால் நியாயமானதாகத் தோன்றும் இதைத்தான் பொருளியல் ‘தேய்வு வீத வரி’ என்ற வகையில் சேர்க்கிறது.

மாதம் 12,000 ரூபாய் ஈட்டும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி பைக்குக்கு 30 லிட்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செஸ் 60 ரூபாய், அதாவது அவருடைய வருமானத்தில் 0.5 சதவீதம். 1,20,000 ரூபாய் பெறும் அதிகாரி காருக்கு 60 லிட்டர் போட்டு 120 ரூபாய் கொடுத்தாலும், அது அவருடைய வருமானத்தில் 0.1 சதவீதம்தான். ரூபாயில் அதிகாரி இருமடங்கு தருகிறார். சுமையோ தொழிலாளிக்கு ஐந்து மடங்கு. வருமானம் வளர வளர வரியின் பங்கு தேய்வதால்தான் இந்தப் பெயர். வருமான வரி இதற்கு நேர்மாறான வளர்வீத வரி.

சிலர் இதைப் ‘பிற்போக்கு வரி’ என்று எழுதுகிறார்கள். ஒருவருடைய பழமைவாதக் கருத்துகளுக்குப் பொருந்தும் அந்தச் சொல் வரிக்குப் பொருந்தாது. இங்கே பேசப்படுவது பழமைவாதமன்று, விகிதம்.

அரிசியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டி 25 கிலோ வரை பொட்டலமிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேற்பட்ட மூட்டைக்கும், கடையில் அளந்து கொடுக்கும் அரிசிக்கும் இல்லை. 30 கிலோ மூட்டையை ஒரே தடவையில் வாங்க முடிந்தவருக்கு வரியில்லை. அன்றாடக் கூலியில் 5 கிலோ பாக்கெட் வாங்குகிறவருக்கு உண்டு. விதியை எழுதியவர்களின் நோக்கம் இதுவாக இருந்திருக்காது, ஆனால் விளைவு இதுதான்.

எனினும், வரும் பணம் எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே ஒரு வரியை எடைபோட வேண்டும். கேரளத்தின் செஸ் முதியோர், கைம்பெண்கள் உள்ளிட்டோருக்கான சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்காக விதிக்கப்பட்டது; அந்த ஓய்வூதியம் வாங்கும் ஆரியங்காவுத் தமிழ்க் குடும்பம், கொடுத்ததைவிடக் கூடுதலாகவே திரும்பப் பெறக்கூடும். தமிழகத்தின் செங்கோட்டையிலிருந்து தினமும் கேரளத்தின் புனலூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே பெட்ரோல் போடுகிறவருக்கு இந்த ஈடு கிடையாது. செஸ் அவரிடமும் வாங்கப்படுகிறது, ஓய்வூதியமோ கேரளத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே.