காலுக்குக் கிடைப்பது எண்ணிக்கை, இதயத்துக்குக் கிடைப்பது தரம்

ஓடினால் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்புகள், பெருகும் என்று எல்லா ஹெல்த் பக்கங்களிலும் எழுதுகிறார்கள். கால் தசையைப் பொறுத்தவரை சரிதான். 1967-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜான் ஹொலோசி எலிகளை ட்ரெட்மில்லில் பல வாரங்கள் ஓடவிட்டார். கால் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்பாடு ஏறக்குறைய இரட்டிப்பானது. அவரது குழுவே பின்னர் இதயத்தைச் சோதித்தபோது அப்படி எதுவும் கூடியிருக்கவில்லை.

கூடுவதற்கு இடமும் குறைவு. இதயத் தசைச் செல்லில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஏற்கெனவே மைட்டோகாண்ட்ரியா பிடித்துக்கொண்டிருக்கிறது. நாளுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் உறுப்பு இது. மைட்டோகாண்ட்ரியா தயாரிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கையிருப்பில் சில விநாடிகளுக்குத்தான் வரும்.

வயதானால் சிக்கல் எங்கே தொடங்குகிறது? இதயத் தசைச் செல்கள் லேசில் புதுப்பிக்கப்படுவதில்லை. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுச்சென்ற கார்பன்-14-ஐ வைத்து ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2009-ல் செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள்: 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதச் செல்களும் 75 வயதில் 0.45 சதவீதமும்தான் புதுப்பிக்கப்படுகின்றன. ஆக, செல் பழையதாகவே இருக்கும். உள்ளே உள்ள மைட்டோகாண்ட்ரியாவைத்தான் அவ்வப்போது மாற்றியாக வேண்டும். முதுமையில் பழுதானதைப் பிரித்துச் செரிக்கும் வேலை, அதாவது மைட்டோஃபேஜி, மந்தமாகிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியா ஏடிபியைக் குறைவாகத் தருவதோடு, எலக்ட்ரான்களைக் கசியவிட்டு, செல்லைச் சேதப்படுத்தக்கூடிய ஃப்ரீ ரேடிக்கல்கள் என்ற மூலக்கூறுகளையும் உண்டாக்கும்.

பயிற்சி கைவைப்பது இங்கேதான். ஓடும்போது ஃப்ரீ ரேடிக்கல்கள் கொஞ்ச நேரம் கூடுகின்றன. அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, செல் தன் தற்காப்பு நொதிகளை அதிகப்படுத்துகிறது. பழுது நீக்கும் வேலையும் சூடுபிடிக்கிறது. மாரடைப்புக்குப் பின் அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பும் தருணத்தில் செல்லுக்குள் கால்சியம் குவியும். அப்போது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு துளை திறந்துகொண்டால் செல் செத்துவிடும். வயதான இதயத்தில் இந்தத் துளை எளிதில் திறக்கும். பயிற்சி பெற்ற எலிகளில் அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை. இந்த வகைச் சேதத்திலிருந்து எலி இதயத்தைக் காக்கச் சில நாள் ஓட்டமே போதுமாயிருந்தது. ஆனால் ஓட்டத்தை நிறுத்தி 18 நாளானதும் அந்தப் பாதுகாப்பு காணாமல் போனது!

என்னை மிகவும் அசத்தியது 2011-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் டார்னோபோல்ஸ்கி குழு செய்த சோதனை. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியில் பிழைதிருத்தும் திறனைப் பறித்துவிட்ட சுண்டெலிகள் அவை. இளமையிலேயே ரோமம் நரைத்து உதிரும், இதயம் வீங்கும், சீக்கிரம் சாகும். அவற்றில் ஒரு பகுதியை வாரம் மூன்று நாள், தலா 45 நிமிடம், ஐந்து மாதம் ஓடவிட்டார்கள். ஓடியவை பார்வைக்கு இயல்பான சுண்டெலிகளைப் போலவே இருந்தன. பல உறுப்புகளில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ குறைவதும் தடுக்கப்பட்டது. மரபணுக் கோளாறு அப்படியேதான் இருந்தது.

நல்ல உடல்நிலையில் உள்ள மனிதரின் இதயத்திலிருந்து தசையைக் கிள்ளி எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் மனிதர்களில் இதயத்தின் விறைப்பு போன்ற அளவுகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. டல்லாஸில் பெஞ்சமின் லெவின் குழு, உட்கார்ந்தே பழகிய 45 முதல் 64 வயதுக்காரர்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்தது. வாரம் நான்கைந்து நாள், இடையிடையே மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையாக. 2018-ல் வெளியான முடிவின்படி இதயத்தின் விறைப்பு சுமார் 25 சதவீதம் தளர்ந்தது. அதே குழு முன்னதாக 70 வயதை ஒட்டியவர்களுக்கு ஓராண்டு பயிற்சி கொடுத்தபோது விறைப்பு அசையவில்லை. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் மட்டும் அவர்களுக்கும் நன்றாகவே கூடியது.