உங்கள் வீட்டு ஆமை கோபக்காரனா, நோயாளியா?

"இந்த ஆமைக்குச் சரியான கோபம் டொக்டர், கிட்டப் போனாலே சீறுது." ஆமையோடு வருகிறவர்கள் அநேகமாக இப்படித்தான் கதையைத் தொடங்குவார்கள். இன்னொருவர் தன்னுடையதைச் சோம்பேறி என்பார். கொக்குவில் பக்கத்து அன்ரி ஒருவருக்கோ அவருடைய ஆமை பெரிய பாசக்காரன். அவரைக் கண்டதும் தொட்டியின் மறுகரையிலிருந்து விழுந்தடித்து நீந்தி வருமாம்.

ஆமைக்கு ஆமை குணம் வேறுபடும் என்பது உண்மைதான். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு குட்டிகளில் ஒன்று கையிலிருந்தே தீனி எடுக்கும், மற்றது மாதக்கணக்கில் கல்லுக்குக் கீழே ஒளிந்திருக்கும். என் கவலை வேறு. நாங்கள் குணம் என்று சொல்லி விட்டுவிடுகிற பலதும் குணம் அல்ல. சில, ஆமையின் உடம்பு தானாகச் செய்வது. சில, தொட்டி சரியில்லை என்ற முறைப்பாடு. சில, வருத்தம்.

சீறலையே எடுங்கள். பயத்தில் தலையையும் கால்களையும் சட்டென்று உள்ளுக்கு இழுக்கும்போது நுரையீரலில் இருக்கும் காற்றுக்கு இடம் போதாமல் வெளியே தள்ளப்படுகிறது. அந்தக் காற்றின் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கும் சீறல். அதாவது, கோபம் என்று நீங்கள் நினைப்பது பயம். தூக்கியவுடன் சிறுநீர் கழிப்பதும் அப்படித்தான். பிள்ளைகள் ஓட்டில் தட்டி விளையாடும் வீடுகளில் இந்தச் 'சீற்றம்' கூடுதலாக இருக்கும். ஓடு என்பது உயிருள்ள எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அதோடு ஒட்டியே வளர்ந்திருக்கின்றன. தட்டினால் ஆமைக்குத் தெரியும். ஓரத்தில் துளை போட்டு நூல் கட்டினால் வலிக்கும். அதையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், என்னத்தைச் சொல்வது.

பாசக்காரன் கதைக்கு வருவோம். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள செங்காது ஆமை, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துப் பிராணி. அது உங்களை அடையாளம் காண்கிறதா என்றால், தீனி கொண்டுவரும் ஆளை நிச்சயமாகக் காண்கிறது. ஆமைக்கு ஞாபகசக்தி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளில் இராட்சத ஆமைகளுக்கு நிறமுள்ள பந்தைக் கடித்தால் தீனி என்று பழக்கினார்கள். 9 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அவை அந்த வேலையை மறந்திருக்கவில்லை. ஆகவே ஓடி வந்து வாயைத் திறப்பது பசி என்றும் எடுக்கத் தேவையில்லை, பாசம் என்றும் எடுக்கத் தேவையில்லை. பழக்கம், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு இரங்கி நாளுக்கு மூன்று தடவை காய்ந்த றால் போட்டுப் போட்டு, கழுத்தும் தொடையும் ஓட்டுக்கு வெளியே பிதுங்கும் ஆமைகளை நிறையப் பார்க்கிறேன். வளர்ந்த ஆமைக்கு ஒன்றுவிட்ட ஒரு நாள் தீனி போதும். குட்டியில் மாமிசம் கூடுதலாகத் தின்றாலும் வளர வளரக் கீரைக்கு மாறும் இனம் இது. கங்குன் போட்டுப் பாருங்கள். முதல் வாரம் திரும்பியும் பார்க்காது, பிறகு தின்னும். காய்ந்த றால் மட்டும் தின்ற ஆமைக்கு விற்றமின் ஏ குறைந்து கண் வீங்கி மூடிக்கொள்ளும். "எந்நேரமும் நித்திரை" என்று கொண்டுவருவார்கள். நித்திரை இல்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை.

கொட்டாவியும் அதுபோல. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசை 2011ல் பெற்ற ஓர் ஆய்வு இருக்கிறது. செங்கால் ஆமை என்ற தரை ஆமை ஒன்றுக்கு மாதக்கணக்கில் கொட்டாவி விடப் பழக்கி, அதைப் பார்த்து மற்ற ஆமைகளும் கொட்டாவி விடுகின்றனவா என்று பார்த்தார்கள். விடவில்லை. சிரிக்க நல்ல விஷயம். உங்கள் ஆமை எப்போதாவது ஒருமுறை வாயைப் பிளந்தால் பரவாயில்லை. ஆனால் அடிக்கடி வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, மூக்கில் குமிழி விட்டு, ஒரு பக்கம் சரிந்து நீந்தினால் அது நுரையீரல் தொற்று. ஒரு பக்க நுரையீரல் கனத்துப் போவதால்தான் அந்தச் சரிவு. மாரியில், மழை விடாமல் பெய்து வெயிலே காணாத கிழமைகளில், இப்படி வருவது கூடும்.

ஏனென்றால் ஆமைக்கு வெயில் வேண்டும். நடுக்கல்லில் ஏறிக் காலை நீட்டிப் படுத்திருப்பதைத்தான் சோம்பல் என்கிறார்கள். உண்மையில் அது அந்த நாளின் முக்கிய வேலை. உடம்பைச் சூடாக்கினால்தான் தின்றது செரிக்கும். புற ஊதாக் கதிர் பட்டால்தான் விற்றமின் டி உருவாகி, கல்சியம் ஓட்டுக்குப் போய்ச் சேரும். யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அந்தக் கதிர் உள்ளே வராது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் ஆயிற்றே, கல்சியம் தாராளம் தானே என்று கேட்பார்கள். வெயில் படாவிட்டால் தொட்டியில் வெள்ளைப் படை படியும், ஓடு மெதுமெதுவென்றுதான் இருக்கும். காலை வெயிலில் விறாந்தைக்குக் கொண்டுபோய் வையுங்கள், ஆனால் பாதித் தொட்டிக்கு நிழல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் நிழலில்லாத பிளாஸ்ரிக் பேசினுக்குள் விட்டால் ஆமை அவிந்துபோகும். இது மிகைப்படுத்தல் அல்ல.

ஏறிப் படுக்க இடமே இல்லாத தொட்டியில், அல்லது இடம் போதாத தொட்டியில், ஆமை கண்ணாடியைப் பிராண்டிக்கொண்டு மேலும் கீழும் அலையும். "விளையாடுறான்" என்பார்கள். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கிய குட்டி 20 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும், 20 ஆண்டுக்கு மேலும் இருக்கும் என்று கடையில் யாரும் சொல்வதில்லை. அப்புறம், பருவமடைந்த பெண் ஆமை திடீரென்று தீனியை விட்டு, பின்னங்காலால் தொட்டியின் அடியைத் தோண்டப் பார்த்தால் அது முட்டை. ஆண் இல்லாமலும் முட்டை வரும். மணல் நிரப்பிய பெரிய பெட்டி கொடுக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும்.

இரண்டு ஆமை வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்று மற்றதன் முகத்துக்கு முன்னால் நீண்ட முன்நகங்களை அதிர வைத்தால் அது ஆண், காதலிக்கிறது. கழுத்தையும் வாலையும் கடித்தால் பிரித்துவிடுங்கள், பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

பழகியவர்கள் கவனிக்காத விஷயம் சல்மொனெல்லா, மனிதருக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் கொடுக்கும் கிருமி. ஆமையைப் பார்த்து அது தெரியாது. நல்ல சுகத்தோடு இருக்கும்போதே குடலில் அந்தக் கிருமியைக் காவித் திரியும். 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975ல் அமெரிக்கா தடை போட்டதே இதனால்தான். சின்னப் பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்துக்கொள்வார்கள். தொட்டியைக் குசினித் தொட்டியில் கழுவாதீர்கள். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கிணறு சுத்தமாக இருக்கும் என்று சொல்லி ஆமையைக் குடிதண்ணீர்க் கிணற்றுக்குள் விடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வளர்த்துச் சலித்துப்போய் கோயில் கேணியிலோ குளத்திலோ விட்டால் அது புண்ணியமும் அல்ல. வெளியிலிருந்து வந்து உள்ளூர் உயிர்களுக்குக் கேடு செய்யும் ஊடுருவல் இனங்களில் உலகின் மோசமான 100இன் பட்டியலில் செங்காது ஆமையும் இருக்கிறது. எங்கள் குளத்துப் பாலாமைக்கும் கறுப்பாமைக்கும் சாப்பாட்டிலும் வெயில் காயும் இடத்திலும் அது போட்டி. மாரியில் அந்தப் பாலாமை உங்கள் வளவுக்குள் நடந்து வந்தால் பிடித்துத் தொட்டியில் போடாதீர்கள். உள்ளூர் ஆமைகளும் நட்சத்திர ஆமையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வீட்டில் வைத்திருப்பது குற்றம். காயம் பட்டிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

வைத்தியரிடம் கொண்டுவரும்போது தண்ணீர் நிரப்பிய வாளியில் கொண்டுவர வேண்டாம். ஈரத் துணி விரித்த, காற்றுத் துளை உள்ள பெட்டி போதும். மேசையில் வைத்ததும் அது தலையை உள்ளே இழுத்துவிடும், எனக்கு ஓடுதான் தெரியும். ஆகவே வீட்டில் அது நீந்துவதையும் தின்பதையும் முதல் நாளே தொலைபேசியில் வீடியோ எடுத்து வாருங்கள், தொட்டியையும் சேர்த்து.